ஓதும் மொழியும் பேசும் மொழியும்

கடந்த நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. என் சாச்சி 8 வருடங்கள் குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். என் ராத்தா மகளிர் அறபுக் கல்லூரி ஒன்றின் விடுதியில் 7 வருடங்கள் தங்கி ஓதி, மௌலவியா பட்டம் பெற்றவர். அன்று சாச்சி வேலை செய்த வீட்டின் எஜமானி பெருநாள் வாழ்த்துச் சொல்ல வீடியோ அழைப்பு எடுத்திருந்தார். சாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் ராத்தாவின் மகள் அறபு ஓதி முடித்தவர் என்று சொல்லி, தொலைபேசியை ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டார்.

எஜமானி சிரித்த முகத்தோடு, "ஷ்லோனிச்?" என்று கேட்டார். ராத்தா விழித்தார். "லவ்ன்" என்றால் நிறம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்தப் பெண் எதற்காக நிறத்தைப் பற்றிக் கேட்கிறார்? "எப்பிடிச் சுகம்டு கேக்கிறா மகள்" என்று சாச்சி பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னார். ராத்தா சொல் இறுதியின் ஒவ்வோர் அசையையும் விடாமல் உச்சரித்து, இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னார். அந்தப் பக்கத்தில் நின்ற சிறுபிள்ளைகள் சிரித்தது எங்களுக்கும் கேட்டது.

அழைப்பு முடிந்ததும் சாச்சி கேட்டார்: "ஏழு வருஷம் ஓதினியே மகள், அங்க ஒருத்தரும் அறபுல கதைக்கிறல்லயா?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனாலும் ராத்தா அன்று முழுவதும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. நான் உயர்தரத்தில் அறபை ஒரு பாடமாகக் கற்கிறேன். பரீட்சை முடிந்ததும் ராத்தாவைப் போல ஓர் அறபுக் கல்லூரி விடுதியில் சேர விரும்புகிறேன். எனவே அந்தக் கேள்வி என்னிடமும் கேட்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது.

ராத்தா மந்தமான மாணவி அல்லர். அவருடைய உஸ்தாதாக்களும் குறை வைத்தவர்கள் அல்லர். அப்படியானால் காரணம் என்ன? ஒரு மொழியை எப்படிக் கற்கிறோம் என்பதைப் பாடநூல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த மொழியை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம், எதற்காக நாடுகிறோம் என்ற பண்பாடும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இதுவே நான் கண்ட விடை.

ஓதுதலும் படித்தலும்

எங்கள் ஊர்ப் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளை "படிக்கிறாள்". மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளை "ஓதுகிறாள்". அறபு மொழியில் இந்த வேறுபாடு இல்லை. அங்கே "கரஅ" என்ற ஒரே வினைச்சொல் வாசிப்பதையும் ஓதுவதையும் குறிக்கும். நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பட்ட முதற் சொல்லான "இக்ரஃ" என்பதும் அந்த வினையிலிருந்தே பிறந்தது. நாம்தான் ஒன்றை இரண்டாக்கி வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவில் ஒரு பெரும் நன்மை உண்டு. ஓதும் பிள்ளை வுழூச் செய்துகொள்வாள், முக்காடிட்டுக்கொள்வாள், கிதாபை நிலத்தில் வைக்கமாட்டாள். ஓர் எழுத்தின் உச்சரிப்பு மாறினால் பொருள் மாறிவிடும் என்ற அச்சம் அவளுக்கு இருக்கும். இந்த மரியாதையே தஜ்வீதை நுணுக்கமாகக் கற்கவும் முழுக் குர்ஆனையும் மனனமிடவும் எங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. வேறெந்த மொழியையும் நாம் இவ்வளவு பொறுமையோடு கற்பதில்லை.

எங்கள் நாட்டின் பழைய அறபுக் கல்லூரிகள் இந்த நோக்கத்தோடுதான் எழுந்தன. வெலிகமையின் பாரி அறபுக் கல்லூரியும் காலியின் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யாவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியவை. பள்ளிவாசல்களுக்கு இமாம்களும் ஊர்களுக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆலிம்களும் தேவைப்பட்ட காலம் அது. தப்ஸீர், ஹதீஸ், பிக்ஹு நூல்களை மூலமொழியில் வாசித்து விளங்கும் ஆற்றலே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அறபு நாட்டவரோடு உட்கார்ந்து உரையாட வேண்டிய தேவை அன்று பெரிதாக இருக்கவில்லை.

ஆகவே பாடம் அறபிலும் விளக்கம் தமிழிலும் அமைந்தன. சொற்களின் வடிவத்தை ஆராயும் ஸர்பு, வாக்கிய அமைப்பை ஆராயும் நஹ்வு ஆகிய இரண்டும் அடித்தளமாயின. மொரோக்கோவின் பாஸ் நகரத்து அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் (இறப்பு 1323) எழுதிய "ஆஜுர்ரூமிய்யா" என்ற சிறு நூல் இன்றும் இலக்கணத்தின் முதற்படியாக ஓதப்படுகிறது. அதன் மேற்படியில் இருப்பது இப்னு மாலிக்கின் "அல்பிய்யா". சுமார் 1,000 அடிகளில் முழு இலக்கணத்தையும் பாட்டாகச் சொல்லும் நூல் அது. இலக்கணப் பாடத்தில் மிகவும் பழகிய உதாரணம், ஸைத் என்பவர் அம்ரை அடித்தார் என்ற வாக்கியம். ராத்தாவைக் கேட்டால், ஸைத் ஏன் எழுவாய், அம்ர் ஏன் செயப்படுபொருள், அடித்தவர் பெயரின் இறுதி ஏன் "உன்" என்றும் அடிபட்டவர் பெயரின் இறுதி ஏன் "அன்" என்றும் முடிகின்றன என்று அரை மணித்தியாலம் விளக்குவார். ஆனால் "தேநீருக்குச் சீனி போதுமா?" என்று அறபில் கேட்க அவருக்கு ஒரு நாளும் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை.

காலம் மாறியபோது கல்லூரிகளும் மாறத் தொடங்கின. 1973இல் பேருவளையில் ஆரம்பமான ஜாமிஆ நளீமிய்யா மார்க்கக் கல்வியோடு நவீன பாடங்களையும் இணைத்தது. இன்று பல அறபுக் கல்லூரி மாணவியர் உயர்தரப் பரீட்சைக்கும் தோற்றுகின்றனர். பாடத்திட்டம் மாறிவிட்டது. ஆனால் "அறபு என்றால் ஓதுவது" என்ற எங்கள் மனப்பழக்கம் அதே வேகத்தில் மாறவில்லை.

எங்கள் தமிழில் வாழும் அறபு

அறபு எங்களுக்கு முற்றிலும் அந்நிய மொழி அல்ல. சலாம், துஆ, நிய்யத், சபர், பரக்கத், கல்பு, ஹயாத்து, மௌத்து, ராஹத்து என்று எத்தனையோ சொற்களை உம்மாவின் மடியிலேயே கற்றுவிடுகிறோம். விடுதியில் சேரும் 12 வயதுப் பிள்ளை அறபு அகராதியைத் திறக்கும் முன்பே நூற்றுக்கணக்கான சொற்களுக்குச் சொந்தக்காரி. இது எங்கள் பண்பாடு எங்களுக்குத் தந்த முதலீடு.

ஆனால் இதே சொற்கள் சில வேளை வழிதவறவும் வைக்கும். கிதாபு என்றால் நமக்கு மார்க்க நூல். அறபியில் கணிதப் பாடநூலும் கிதாப்தான். அறபு இலக்கணத்தின் முதற் பெருநூலை எழுதிய ஸீபவைஹி ஒரு பாரசீகர். அவருடைய இலக்கண நூலுக்கே "அல்கிதாப்" என்றுதான் பெயர். ஹதியா என்றால் அறபியில் அன்பளிப்பு. நாமோ மார்க்க நூல்களின் அட்டையில் விலைக்குப் பதிலாக அச்சொல்லை அச்சிடுகிறோம். மத்ரஸா என்றால் நமக்கு ஓதுமிடம். அறபியில் எல்லாப் பாடசாலையும் மத்ரஸாவே. கொழும்பு மருதானையில் 1892இல் தொடங்கி இன்று ஸாஹிராக் கல்லூரியாக விளங்கும் பாடசாலையின் முதற்பெயரிலும் மத்ரஸா என்ற சொல்லே இருந்தது. பொருள் சுருங்கிய சொற்களை நாம் அறபுச் சொற்களாக நினைத்து நூல்களில் வாசிக்கும்போது, நம் பொருளையே அங்கும் ஏற்றிவிடுகிறோம். அதனால் ஓர் உஸ்தாதா "இந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று கடந்து போகாமல், "எங்கள் ஊரில் இது என்ன, அறபியில் இது என்ன?" என்று நிறுத்திக் கேட்டால் பாடம் இரட்டிப்பாகும்.

மறுபுறம், மார்க்கத்தின் அடிப்படைகளில் சிலவற்றைத் தமிழிலேயே சொல்லி வந்திருக்கிறோம். தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல் எல்லாம் தமிழ்ச் சொற்கள். எங்கள் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத்தமிழையும் வளர்த்தனர். அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தனர். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத எத்தனையோ பெண்கள் குர்ஆன் ஓதிய பழக்கத்தைக் கொண்டு அறபுத்தமிழ் நூல்களை வாசித்து மார்க்கம் அறிந்தனர்.

"ரமழான்" என்று எழுதும்போது நாம் பயன்படுத்தும் ழகரத்தையும் எண்ணிப் பாருங்கள். அறபிகள் தம் மொழியை "ளாத் எழுத்தின் மொழி" என்று பெருமையாகச் சொல்வர். தமிழர் ழகரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவர். அந்தச் சிறப்பெழுத்தின் இடத்தில் எங்கள் முன்னோர் இந்தச் சிறப்பெழுத்தை வைத்தார்கள். இரண்டும் ஒரே ஒலி அல்ல. ழகரத்துக்கு நா நுனி மேல்நோக்கி வளையும். அந்த அறபெழுத்துக்கு நாவின் பக்கவாட்டு மேற்கடைவாய்ப் பற்களில் அழுந்தும். வேறுபாட்டை அறிந்து கற்றால் இரண்டு மொழியும் அழகாகும்.

சொல்லுக்குள் இருக்கும் நிலம்

அறபைப் பேச வேண்டுமானால் அறபிகளின் வாழ்க்கையையும் அறிய வேண்டும். "அஹ்லன் வஸஹ்லன்" என்று விருந்தினரை வரவேற்கிறார்கள். அஹ்ல் என்றால் சொந்தபந்தம், ஸஹ்ல் என்றால் சமதரை. உறவினரிடமே வந்திருக்கிறீர்கள், கால் நோகாத நிலத்தில் இறங்கியிருக்கிறீர்கள் என்பது கருத்து. பாலைவனத்தில் நாட்கணக்காகப் பயணம் செய்தவருக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு என்ன இருக்கிறது?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. நற்பிள்ளைகளையும் நல்ல துணையையும் கேட்கும் துஆவில் "குர்ரத அஃயுன்" என்ற சொற்றொடர் வருகிறது. கண்களின் குளிர்ச்சி என்பது பொருள். மனத்துக்கு மகிழ்ச்சி தந்த செய்தியை, நெஞ்சைப் பனியாகக் குளிரவைத்தது என்று அறபியில் சொல்வர். ஆங்கிலேயருக்கு அன்பு என்றால் வெதுவெதுப்பு. அவர்களுடைய நாடு குளிர்நாடு. எங்களுக்கோ கண் குளிரும், உள்ளம் குளிரும், நெஞ்சு குளிரும். வெயில் காயும் நிலத்தவர் என்பதால் இந்த இடத்தில் தமிழும் அறபும் தோளோடு தோள் நிற்கின்றன. விளக்கமே இல்லாமல் எங்களுக்கு இது விளங்கிவிடுகிறது.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தி வராது. அறபில் எதிரே நிற்கும் பெண் ஒருத்தியை "அன்தி" என்போம். தோழியானாலும் ஆசிரியையானாலும் அதே சொல்தான். தமிழில் அதை "நீ" என்று பெயர்த்து மனத்தில் வைத்திருக்கும் எங்களுக்கு, ஆசிரியையைப் பார்த்து அப்படிச் சொல்ல நாக்கு எழாது. என் வகுப்பில் ஒருத்தி "அன்தும்" என்று பலருக்குரிய, அதிலும் ஆண்களுக்குரிய, சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். ஆசிரியை சிரித்தார். அது இலக்கணம் தெரியாததால் வந்த பிழை அல்ல. நல்ல வளர்ப்பால் வந்த பிழை. மரியாதையை வினைச்சொல்லில் காட்டுவது எங்கள் வழக்கம்; குரலிலும் துஆக்களிலும் காட்டுவது அவர்கள் வழக்கம் என்று விளக்கிய பிறகே எங்களுக்குத் துணிவு வந்தது.

ராத்தா தடுமாறிய இடமும் இப்படியான ஒன்றே. நூல்களிலும் செய்திகளிலும் வழங்கும் அறபு "புஸ்ஹா". வீட்டிலும் சந்தையிலும் வழங்குவது "ஆம்மிய்யா". குவைத்தில் "ஷ்லோனிச்" என்று ஒரு பெண்ணிடம் சுகம் விசாரிப்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் உன் நிறம் எப்படி என்றுதான் பொருள். எகிப்தில் சுகம் விசாரிக்க வேறு சொல். தமிழ்ப் பிள்ளைகளாகிய எங்களுக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. பரீட்சை விடைத்தாளில் எழுதும் தமிழில் நாம் உம்மாவிடம் சோறு கேட்கிறோமா? யாழ்ப்பாணத்துப் பேச்சும் அக்கரைப்பற்றுப் பேச்சும் கொழும்புப் பேச்சும் ஒன்றா? எழுத்துத் தமிழை மட்டும் படித்த வெளிநாட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தால் ராத்தாவைப் போலத்தான் விழிப்பார்.

ஜாவாவிலிருந்து ஒரு பாடம்

எங்களைப் போலவே அறபைத் தாய்மொழியாகக் கொள்ளாத இந்தோனேசிய முஸ்லிம்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். அங்கே விடுதியோடு கூடிய மார்க்கக் கல்விக்கூடத்தை "பெசந்திரன்" என்பர். பழைய பெசந்திரன்களில் கியாய் எனப்படும் ஆசான் அறபு நூலை வாசித்து, சொல்லுக்குச் சொல் ஜாவா மொழியில் பொருள் சொல்வார். மாணவர் அப்பொருளை ஒவ்வோர் அறபுச் சொல்லின் கீழும் சாய்வாகத் தொங்கவிட்டு எழுதுவர். அவர்கள் எழுதுவது "பெகோன்" என்ற எழுத்தில். அது ஜாவா மொழியை அறபெழுத்தில் எழுதும் முறை. எங்கள் அறபுத்தமிழின் சகோதரி என்றே அதைச் சொல்லலாம். எழுவாய்க்கு முன் "உதவி" என்றும் பயனிலைக்கு முன் "இகு" என்றும் ஜாவாச் சொற்களைச் சேர்ப்பதால், பொருளோடு இலக்கணமும் ஒருங்கே மனத்தில் பதிந்துவிடும். தம் மொழியை அறபுக்கு ஏணியாக்கிய முறை இது. ஆனால் இங்கும் பேச்சு வளரவில்லை.

கிழக்கு ஜாவாவின் பொனொரொகோ பகுதியில் 1926இல் தொடங்கிய கொந்தோர் விடுதிக் கல்லூரி வேறு வழியில் சென்றது. அங்கே புதிய மாணவருக்குச் சில மாதங்கள் அவகாசம் கொடுப்பர். அதன் பிறகு விடுதியில் அறபும் ஆங்கிலமுமே மாறி மாறிப் பேச வேண்டும். அன்றாடம் புதிய சொற்கள் கற்பிக்கப்படும். மாணவர் முறைவைத்து மேடையேறிச் சொற்பொழிவாற்ற வேண்டும். பெண்களுக்கும் தனி வளாகங்கள் உள்ளன. இக்கல்லூரி அறபை வகுப்பறையிலிருந்து குளியலறை வரிசைக்கும் உணவு மண்டபத்துக்கும் கொண்டுவந்தது. அங்கே பேசப்படும் அறபில் இந்தோனேசிய மொழியின் சாயல் இருக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. சாயல் இருக்கட்டுமே! பேசினால்தானே பிழை தெரியும்; தெரிந்தால்தானே திருத்தலாம். விதியை மீறியவரை விசாரிக்க "மொழி நீதிமன்றம்" கூட அங்கு உண்டு. அது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பயத்தில் பிறந்த பேச்சு விடுதி வாசலோடு நின்றுவிடும் என்பது என் கருத்து.

எங்களால் முடிந்தவை

சகோதரிகளே, எங்கள் மகளிர் அறபுக் கல்லூரிகளில் இதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது. பெண்கள் மட்டும் வாழும் விடுதியில் பெண்பால் வினைகளும் "அன்துன்ன" என்ற பெண்பாற் பன்மையும் நாள் முழுவதும் தேவைப்படும். நூல்களில் அரிதாக வரும் வடிவங்கள் இவை. சமையலறைப் பொருட்களின் பெயர்களிலிருந்து தொடங்கலாம். வாராந்த மாணவர் மன்றத்தில் மனனமிட்ட சொற்பொழிவோடு, மனனமிடாத 5 நிமிட உரையாடல் ஒன்றையும் சேர்க்கலாம்.

முதலில் மாற வேண்டியது ஓர் எண்ணம். குர்ஆன் ஓதும்போது பிழைக்கு அஞ்ச வேண்டும். பேசிப் பழகும்போது பிழைக்கு அஞ்சக் கூடாது. இரண்டும் ஒரே மொழி என்பதால் அந்த அச்சத்தை இங்கும் கொண்டுவந்து வாயை மூடிக்கொள்கிறோம். பெண்பிள்ளைக்கு அமைதியே அழகு என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஹயா ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால் 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்த ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டும் பேசியும் கற்றவர்கள், கற்பித்தவர்கள். ஹயா அறிவுக்குத் தடையாக அவர்களிடம் இருக்கவில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வரும் பிள்ளையிடம் "எத்தனை ஜுஸ்உ பாடம்?" என்று கேட்பது நல்லது. "இன்று சமைத்ததை அறபில் சொல்லு பார்ப்போம்" என்றும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பிள்ளையை அவர்களோடு பேசவிடுங்கள். என் ராத்தாவை ஊர் "மௌலவியா" என்று அழைக்கிறது. எட்டு வருடங்கள் அறபிலேயே சமைத்து, பிள்ளை வளர்த்து, அழுது, சிரித்த சாச்சியை அறபு தெரிந்தவர் என்று ஒருவரும் சொல்வதில்லை. இதுவும் எங்கள் பண்பாட்டில் உள்ள ஒரு குறையே.

பெருநாள் கழிந்து இரண்டு வாரங்களில் சாச்சி தன் பெட்டியை ஒதுக்கும்போது, குவைத்துக்குப் போன புதிதில் கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தம் கிடைத்தது. ஒரு பக்கம் அறபு, மறு பக்கம் ஆங்கிலம். சாச்சிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் குறியீடு இல்லாத அந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியவில்லை, ஆங்கிலமும் எட்டாது. ராத்தா அதை வாங்கி ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு என்று அதில் எழுதியிருந்தது. ஓய்வுக்கு இருந்த சொல் "ராஹா". நாங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லும் ராஹத்துத்தான் அது.

"அப்பிடியா இருந்திச்சி?" என்று மட்டும் கேட்டார் சாச்சி. எட்டு வருடத்தில் அப்படி ஒரு நாள் அவருக்குக் கிடைத்ததில்லை. பிறகு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பேசத் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவருக்குப் பேசத் தெரியவில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே அறபு இரண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. இப்போது அஸருக்குப் பிறகு இருவரும் அரை மணித்தியாலம் ஒன்றாக உட்காருகிறார்கள். ராத்தா குறியீடில்லாத எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். சாச்சி பேச்சைச் சொல்லிக்கொடுக்கிறார். நானும் என் பாடக்கொப்பியோடு பக்கத்தில் இருக்கிறேன். ஓதுதலின் மரியாதையும் பேச்சின் துணிவும் ஒன்றாகக் கிடைக்கும் கல்வியை எங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக!